அடக்கத்துக்கு முன் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்



பிரசவத்துக்குப் போன பெண் பிணமாகத் திரும்புகிறாள். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டவர் கிளினிக் படி இறங்குவதற்குள் சரிகிறார். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு, பொன்னேரியிலிருந்து ஸ்டான்லிக்கு என்று மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்து, 108 வண்டியிலேயே ஒருவருக்கு மூச்சு நின்றுபோகிறது. நாம் என்ன செய்கிறோம்? ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் கத்துகிறோம். பிறகு அழுகிறோம். பிறகு அவசர அவசரமாக அடக்கம் செய்கிறோம்.

அன்று ராத்திரியே ஒருவர் வருவார். நமக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார், நம்மோடு டீ குடிப்பவராகக்கூட இருப்பார். "போன உசுரு திரும்பவா போகுது? புள்ளைங்க படிப்புக்கு ஆகும், வாங்கிக்க" என்பார். கையில் ஒரு கவர், இன்னொரு கையில் ஒரு முத்திரைத் தாள். "இனி எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை" என்று அதில் எழுதியிருக்கும். பந்தலில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணைத் தனியே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தும் "பேசி முடிச்சாச்சு" என்று சொல்லிவிடும்.

இப்படிப் பேசி முடிப்பதை நாம் முடித்துவைக்க வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், ஜமீலாபாத் என்று எல்லாத் தெருவுக்கும் இதைத்தான் கேட்டு எழுதுகிறேன். ஒரு சாவு தவறான சிகிச்சையால் நேர்ந்ததோ என்ற சந்தேகம் எழுந்தால், சட்டம் நமக்குத் திறந்து வைத்திருக்கும் கதவுகளில் எதைத் தட்டுவது என்று முடிவெடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஒன்றை முதலில் நேர்மையாகப் பேசிக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் நடக்கும் சாவெல்லாம் டாக்டரின் தவறு ஆகாது. காப்பாற்ற முடியாத நோய் உண்டு, எல்லாம் சரியாகச் செய்தும் கைமீறிப் போவதும் உண்டு. சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலையில் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா, செய்யக் கூடாததைச் செய்தாரா என்பதுதான் நீதிமன்றம் பார்க்கும் அளவுகோல். இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்யும் நர்ஸ் நம் எதிரி இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது. நம் போராட்டம் அந்த உரிமையில்தான் தொடங்குகிறது.

அதற்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் முதல் நாளிலேயே கை நழுவிப்போகும். ஓ.பி. சீட்டு, ரெஃபர் சீட்டு, மருந்துச் சீட்டு, ஸ்கேன், பில், காலி மருந்துப் பாட்டில் எதையும் தூக்கி எறியாதீர்கள். நம் வீடுகளில் இவையெல்லாம் ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் சுவரோரம் தொங்கும். உப்புக் காற்றில் மை கரைந்து, எந்தத் தேதி, எந்த மருந்து என்றே தெரியாமல் போகும். அன்றைக்கே ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் போனில் படமெடுத்து வேறு இரண்டு பேருக்கு அனுப்பிவையுங்கள். கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. அரசு ஆஸ்பத்திரி இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நோயாளி உயிரோடு இருக்கும்போதே இன்னொரு கண்ணி உண்டு. நிலைமை மோசமாகும் நேரத்தில் "வேற ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, "எங்கள் சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்" என்ற தாளை நீட்டுவார்கள். பதற்றத்தில் கையெழுத்துப் போட்டால் அதுவே நாளைக்கு அவர்களின் முதல் சாட்சி. அவர்கள்தான் அனுப்புகிறார்கள் என்றால், ரெஃபர் செய்ததாக அவர்களே எழுதித் தரட்டும்.

அடுத்தது பிரேதப் பரிசோதனை. "உடம்பை அறுக்கணுமா" என்று பெரியவர்கள் கண்ணீரோடு கேட்பார்கள். அந்த வலி எனக்கும் புரிகிறது. ஆனாலும் அது இல்லாமல் சாவுக்குக் காரணம் இன்னது என்று நிரூபிப்பது மிக மிகக் கடினம். புதைத்த உடலைத் தாசில்தார் முன்னிலையில் தோண்டியெடுக்கவாவது சட்டத்தில் வழி உண்டு, எரித்துவிட்டால் அதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் உடலை வாங்குவதற்கு முன்பே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், பரிசோதனையை வீடியோ எடுக்கவும் அதே மனுவில் கேளுங்கள். "இது எங்க எல்லை இல்லை" என்ற பதிலுக்குத் திரும்பி வராதீர்கள். கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டம் சொல்கிறது. திருப்பாலைவனம் நிலையத்துக்கும் அது பொருந்தும்.

கிரிமினல் வழக்கைப் பற்றி யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். அலட்சியத்தால் மரணம் விளைவித்த பதிவு பெற்ற டாக்டருக்கு, புதிய நியாயச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் இது குற்றமாகும் என்றது. போலீஸ் முதலில் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரின், முடிந்தால் அரசு டாக்டரின், கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. கடினமான பாதைதான், ஆனாலும் மூடிய பாதை இல்லை. 2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை, கல்லூரி மாணவி, கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இறுக்கக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் நின்றது, காலை எடுத்தார்கள், 15-ஆம் தேதி உயிரும் போனது. முதலில் சந்தேக மரணமாகப் பதிவான வழக்கு, மருத்துவக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு அலட்சியத்தால் மரணம் என்று மாறியது. இரண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அரசு பத்து லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் கொடுத்தது. குடும்பமும் தோழிகளும் வீதியில் நின்றார்கள், ஊரே பார்த்தது. நம் குப்பத்தில் இதே மாதிரி ஒரு பெண் செத்தால் பார்க்க யார் வருவார்கள்? நாம்தான் வர வேண்டும்.

நஷ்ட ஈட்டுக்கு முக்கியமான இடம் நுகர்வோர் ஆணையம். டாக்டரின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு காலத்தில் சொன்னது. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. காசு வாங்கும் ஆஸ்பத்திரி சட்டத்துக்குள் வரும். சிலருக்குக் காசு, சிலருக்கு இலவசம் என்றால் இலவச நோயாளியும் நுகர்வோர்தான். எல்லோருக்கும் முழு இலவசம் என்றால் மட்டும் வராது. காப்பீடு பணம் கட்டினால் அந்தச் சிகிச்சை இலவசம் ஆகாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் இந்த வரியை வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள்.

இறந்தவரின் வாரிசு அந்த ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இணையத்திலும் பதியலாம். 2019 சட்டம் வந்த பிறகு புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னையில் நடந்த சாவுக்குத் திருவள்ளூரில் கேட்கலாம். பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கம் இருக்கும் இருக்கம் தீவுத் தோழர்களே, தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு நீங்கள் உங்கள் மாவட்டத்திலேயே கேட்கலாம்.

"கவர்மென்ட் மேல கேஸ் போட்டு ஜெயிக்க முடியுமா?" என்பவர்களுக்கு எழும்பூரைக் காட்டுங்கள். 1996-இல் அங்கே அரசு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குக் கண் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை, பார்வை போய்விட்டது. அந்தத் தகப்பன் விடவில்லை. தேசிய ஆணையம் கொடுத்த ஐந்து லட்சத்தோடு நிறுத்தாமல் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1-ஆம் தேதி கிடைத்த தீர்ப்பில் சுமார் 1.8 கோடி ரூபாய். பத்தொன்பது வருடம் ஆனது, அதை மறைக்கவில்லை. அத்தனை வருடம் தனியாக ஒரு குடும்பம் தாங்கியதை ஒரு குப்பம் சேர்ந்தால் தாங்காதா?

ஊசி போடும் 'டாக்டர்'களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்து, நோயாளி இறந்த வழக்கில், தெரியாத மருத்துவம் பார்ப்பதே அலட்சியம்தான் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டம் உண்மையா என்று தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பாருங்கள், இல்லையென்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுங்கள். பதிவு உள்ள டாக்டர் என்றால் கவுன்சிலிலேயே புகார் கொடுக்கலாம். பணம் கிடைக்காது, ஆனால் அவர் பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. முழு இலவச அரசு ஆஸ்பத்திரி என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட். சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றிய கொடுமைக்கு மதுரைக் கிளை 2019-இல் 25 லட்சம் கொடுக்கச் சொன்னது.

ஆஸ்பத்திரி கண்ணாடியை உடைக்காதீர்கள், யார் மேலும் கை வைக்காதீர்கள். 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்தினார். அதன் பிறகு டாக்டர்களின் பாதுகாப்பைப் பற்றித்தான் நாடு பேசியது, பேசவும் வேண்டும். அந்தத் தாய்க்கு நடந்த சிகிச்சையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. கல்லெறிந்த மறுநிமிடம் நாம் குற்றவாளி, அவர்கள் புகார்தாரர்.

இனி வேலைக்கு வருவோம். ஏரியில் யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று பாடு போட்டு, முறை மாறாமல் வலை இழுக்கும் ஊர்கள் நம்முடையவை. அதே ஒழுங்கில் இதற்கும் முறை போடுவோம். ஒவ்வொரு குப்பத்திலும் இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். சாவுச் செய்தி வந்ததும் அந்த வாரத்து முறைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாள்களைப் படமெடுப்பது, கேஸ் ஷீட்டுக்கு மனு எழுதுவது, காவல் நிலையத்துக்குத் துணை போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், 15100-க்கு அழையுங்கள். கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடியிருப்புகளுக்கு இதைச் சொல்ல நாம் நேரில் போக வேண்டும். அவர்கள் நம் பஞ்சாயத்துக்குள் வராதவர்கள், அவர்கள் வீட்டுச் சாவு நம் காதுக்கே வருவதில்லை.

பஞ்சாயத்துத் தலைவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கவரோடு வருபவரை ஊருக்குள் விடாதீர்கள். சமரசம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அந்தக் குடும்பம் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும், கேஸ் ஷீட் நகல் கைக்கு வரட்டும். பிறகு பேசலாம்.

கடந்த இரண்டு ஆண்டுக்குள் இப்படி யாரையாவது பறிகொடுத்த வீடு உங்கள் தெருவில் இருந்தால் இன்றைக்கே போய்க் கதவைத் தட்டுங்கள். இறந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், கெடு முடிய எத்தனை மாதம் மிச்சம் என்று எண்ணிச் சொல்லுங்கள். முறைக்காரர்கள் இருவரின் பெயரும் போன் நம்பரும் இந்த ஞாயிறு மாலைக்குள் ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் எனக்கு வந்துசேர வேண்டும்.