யாருடைய பூச்சாடி?

ஜப்பானியப் பூச்சாடிக்கும் நமக்கும் என்ன உறவு? கந்தக நெடி வீசும் சிவகாசி வட்டாரத்தில் இருந்துகொண்டு, சீமான்கள் சேர்த்துவைத்த வெண்கலப் பொருள்களைப் பற்றிப் பேசுவது வீண்வேலை என்று நம்மவரில் சிலர் கூறக்கூடும். அதை நாம் ஏற்பதற்கில்லை.

ஐதராபாத்தில் உள்ளது சாலார் ஜங் அருங்காட்சியகம். நிஜாமின் திவானாக இருந்த மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலிகான், ஆயுள் முழுதும் வாங்கிக் குவித்தவற்றில் ஜப்பானிய வெண்கலப் பொருள்களும் எனாமல் வேலைப்பாடுகளும் உண்டு. 1949-இல் அவர் மறைந்தார். 1951-இல் அவர் வாழ்ந்த மாளிகையே காட்சிக்கூடமாயிற்று. 1961-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய நிறுவனமாயிற்று. தனியார் செல்வம் பொதுச் செல்வமானது நன்று. ஆயினும் வாயிலில் நிற்கும் பெயர் யாருடையது? வாங்கியவருடையது!

செய்தவன் பட்ட பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வெண்கலத்தில் பள்ளங்களை வார்த்தோ செதுக்கியோ அமைக்க வேண்டும். அல்லது செம்பின்மேல் மயிரிழை போன்ற கம்பிகளை வளைத்து ஒட்ட வேண்டும். வண்ணக் கண்ணாடித் தூளைக் குழைத்து அதில் நிரப்பிச் சூளையிலிட வேண்டும். வெந்ததும் அது சுருங்கிப் பள்ளம் விழும். மீண்டும் நிரப்பி மீண்டும் சுட வேண்டும். பிறகு பொறுமையாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். கடைசிச் சூட்டில் ஒரு விரிசல் கண்டால் உழைப்பெல்லாம் பாழ். 'ஷிப்போ' என்பர் இக்கலையை. ஏழு செல்வங்கள் என்று பொருள்.

அந்த நீலமும் பச்சையும் கோபால்ட்டும் செம்பும் தந்தவை. வானத்தில் சிதறும் நம் ஊர் வாணத்தின் நீலமும் செம்பின் உப்புத்தான். உலோகத்தையும் நெருப்பையும் வண்ணமாக்கும் தொழில் இரண்டும். ஒன்று நூறாண்டுக்கு மேலும் நிற்கிறது. மற்றொன்று மூன்று நொடியில் மறைகிறது. அதற்காகக் கைத்திறன் தாழ்ந்துவிடுமா?

"ஜப்பான்காரன் கை வேறு, நம்மவன் கை வேறு" என்பார் உளர். இதைப் போன்ற பொய் வேறில்லை. 1830-களில் ஓவாரி நாட்டில் காஜி சுனேகிச்சி என்ற ஏழைச் சாமுராய், வெளிநாட்டிலிருந்து வந்த எனாமல் தட்டு ஒன்றை உடைத்துப் பார்த்தே இக்கலையின் நுட்பத்தைக் கற்றார் என்பர். நம் ஊர்க் கதையும் அதுவே. கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியர் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர்; அங்கிருந்தோர் அதைக் கற்றுக்கொண்டனர். அந்தக் கல்கத்தாவுக்கு 1922-இல் சென்று கற்றுத் திரும்பியவர்களே அய்ய நாடாரும் சண்முக நாடாரும். கற்றுக்கொண்ட கைதான் அங்கும். கற்றுக்கொண்ட கைதான் இங்கும்.

வேறுபாடு ஒன்று உண்டு. 1896-இல் எனாமல் கலைஞர் நமிகவா யசுயுகியை ஜப்பானிய அரண்மனை தன் கலைஞராக ஏற்றுச் சிறப்பித்தது. அவர் பெயர் பொறித்த சாடிகளைச் செல்வர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர். (அவர் பட்டறையில் கம்பி வளைத்தவர்களின் பெயரை அவர்களும் கேட்பதில்லை என்பது வேறு.) இங்கோ மணிமருந்து அறையில் இருப்பவரின் பெயர் எப்போது அச்சேறுகிறது? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது அச்சேறியது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அச்சேறியது. உயிரோடு இருந்தவரை அவர்கள் வெறும் 'ஆட்கள்'. இத்தனை ஆட்கள் வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்கு மட்டுமே.

ஆலை முதலாளிகளை மட்டும் குறை கூறுவது எளிது. நம் ஆலயங்களைச் சுற்றிப் பார்ப்போமே! பெஞ்சில், மின்விசிறியில், மணிக்கூண்டில், எங்கும் 'உபயம்' என்று பெயர்கள். பீடத்தைச் செதுக்கிய தச்சர் யார், கோபுரத்தின் உச்சியில் நின்று பூசிய கொத்தனார் யார் என்று எந்தக் கல்வெட்டாவது சொல்கிறதா? நாசரேத்தூர்த் தச்சரின் பெயரால் விழா எடுக்கும் நமக்கு இது உறுத்தவே இல்லையா?

நாம் கேட்பது பெரிதன்று. பட்டாசுப் பெட்டியின்மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, கண்ணைப் பறிக்கும் படம் இருக்கிறது. அதன் ஓரத்தில், மருந்து கலந்தவர் இன்னார், திரி வைத்தவர் இன்னார் என்று அவர்கள் இசைவோடு அச்சிடட்டும். பெட்டியை அச்சிடும் அச்சகங்களும் சிவகாசியிலேயே இருக்கின்றன. ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வெளியூர் போக வேண்டியதில்லை.