காலி டீசல் டிரம்மை பிளாஸ்மா கட்டரால் அறுக்கலாமா?

“மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டிலேயே சின்னதாக வெல்டிங் பட்டறை போட்டிருக்கிறான். புதிதாக 40 ஆம்பியர் பிளாஸ்மா கட்டர் வாங்கியிருக்கிறான். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்ய, காலியாகக் கிடக்கும் 200 லிட்டர் டீசல் டிரம் இரண்டை அதில் அறுக்கலாம் என்கிறான். அறுக்கலாமா? இந்த மிஷினில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?”

- திருமங்கலம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

அந்த டிரம்களை அறுக்கவே கூடாது. மகன் அதைத் தொடுவதற்கு முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று.

டீசல் நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்தானது. நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலியானதில் அடியில் ஒட்டிய கொஞ்சம் எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். நம் நாட்டுத் தர நிர்ணயப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். மதுரைச் சித்திரை வெயிலில் களத்தில் கிடக்கும் தகர டிரம் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். அதன்மேல் பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மா பட்டால் டிரம் வெடிகுண்டாகிவிடும். மூடியைக் கழற்றி வைத்தாலும், ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவினாலும் பயமில்லை என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. மடிப்புத் தையலில் புகுந்த எண்ணெய் கழுவினால் போகாது. சூடு ஏறியதும் ஆவியாகி வெளியே வரும்.

பூச்சிமருந்து டிரம் என்றால் ஆபத்து இன்னும் ஒரு படி மேல். சூட்டில் கிளம்பும் புகையே விஷம். அதில் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது அதைவிட மோசம். காலி மருந்துக் கலன்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. தொட்டிக்கு ஒரு சிமெண்ட் உறையை இறக்கி, அடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் போதும். துருப்பிடிக்காது, மாட்டின் வாயையும் கிழிக்காது.

இனி மிஷினுக்கு வருவோம். கம்ப்ரஸர் காற்றைச் செம்பு நாசிலின் சிறு துளை வழியே தள்ளி, அதற்குள் மின்பொறியைச் செலுத்தினால், காற்றே மின்சாரம் கடத்தும் நெருப்புக் கம்பியாக மாறிவிடுகிறது. அதுதான் பிளாஸ்மா. கேஸ் கட்டிங்கில் இரும்பு ஆக்சிஜனில் எரிந்துதான் அறுபடும். அதனால் எவர்சில்வரும் அலுமினியமும் அதற்கு மசியாது. பிளாஸ்மா உருக்கி ஊதித் தள்ளுவதால், மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் அறுபடும். சிலிண்டர் செலவும் இல்லை. கேஜ் வீல், டிரெய்லர் பலகைத் தகடு என்று பட்டறைக்கு வரும் வேலைக்கு நல்ல மிஷின்தான்.

ஆனால் வெல்டிங் மிஷின் மாதிரிதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஹோல்டரில் 80 வோல்ட் அளவுதான் இருக்கும். பிளாஸ்மா டார்ச்சில் 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம் நிற்கிறது. நாசில் மாற்றும்போது சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்க வேண்டும். ஈரத் தரையில், வெறுங்காலோடு வேலை ஆகாது. எர்த் கிளாம்ப்பை அறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்ட வேண்டும். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். டிராக்டரிலேயே வைத்து அறுப்பதானால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். பம்ப்செட் இலவச மின் இணைப்பிலிருந்து பட்டறைக்கு ஒயர் இழுப்பது விதிமீறல், அபராதமும் வரும்.

டயர் மாட்டிய வீலில் மட்டும் கை வைக்கவே கூடாது. காற்றை இறக்கிவிட்டோமே என்றால் போதாது. ரிம் சூடானால் உள்ளே ரப்பர் கருகி வாயு கட்டும். டயர் வெடித்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. டயரைக் கழற்றிய பிறகே டார்ச்சை எடுக்க வேண்டும். இரு முனையும் அடைத்த பைப், உள்கூடான ஷாஃப்ட் இவற்றிலும் முதலில் டிரில்லால் ஒரு ஓட்டை போட்டு, அடைபட்ட காற்றுக்கு வழி விட வேண்டும்.

ஜிஐ பைப், ஜிஐ ஷீட் அறுத்த அன்று சாயங்காலம் குளிர் ஜுரம், வாயில் உலோக ருசி வந்தால் அது துத்தநாகப் புகையின் வேலை. ஒன்றிரண்டு நாளில் போய்விடும் என்றாலும், மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் குடித்தால், வெல்லம் தின்றால் சரியாகும் என்பது பட்டறைகளில் நெடுநாள் நம்பிக்கை. பால் போவது வயிற்றுக்கு. புகை போவது நுரையீரலுக்கு! வெட்டவெளியில், காற்று முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ வரும்படி நின்று, புகைக்கான முகமூடியோடு அறுக்க வேண்டும். எவர்சில்வர் புகை இன்னும் கெட்டது. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

கூலிங் கிளாஸ் எல்லாம் கண்ணைக் காக்காது. 8-ம் எண் ஷேடு கண்ணாடி வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் விரட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட கண், பல மணி நேரம் கழித்து நடுராத்திரியில்தான் மணல் போட்டது போல உறுத்தும். தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

பொறி 10 மீட்டருக்கு மேலும் பறக்கும். ஆடிக் காற்றில் கணக்கே கிடையாது. வைக்கோல் படப்பு, டீசல் கேன், காய்ந்த ஓலை எதுவும் கிட்டத்தில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சாப்பிடப் போய்விடாமல், அரை மணி நேரம் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். வைக்கோலுக்குள் விழுந்த பொறி உடனே புகைவதில்லை. இரண்டு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். மிஷின் பிளக்கைப் பிடுங்கும்வரை அதன்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல்தான். உடம்பில் சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். பற்பசை, மை எதையும் தடவக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் அந்த இரண்டு டிரம்களையும் மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் தனியாக வைத்து, டிரம் வாங்கும் வியாபாரியிடம் முழுதாகவே கொடுத்துவிடலாம்.