தோல் ஊர்ப் பையனும் ப்ளாஸ்டிக் தோலும்

போன மாதம் ஆம்பூரிலிருந்து ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். வேலூரில் இன்ஜினீயரிங், இரண்டாம் வருஷம். அப்பா இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். இருபது வருஷமாக அதே மெஷின், அதே இரைச்சல். பையனுக்கு பாட்டு என்றால் உயிர். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தான்.

"சார், கம்ப்யூட்டர்ல பாட்டுக் கேக்கற செட்-அப்பை அப்கிரேடு பண்ணப் போறேன். லிஸ்ட் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். தனி 'டாக்' ஒன்று (டிஜிட்டல் பாட்டை மின்சார அலையாக மாற்றும் பெட்டி). அதற்கு மேல் ஒரு ஆம்ப்ளிஃபயர். வெள்ளி முலாம் பூசிய கேபிள். கடைசி வரியில் ஒரு புது ஹெட்ஃபோன். மொத்தம் 42,000 ரூபாய். மாதம் 3,500 வீதம் பன்னிரண்டு தவணை.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"காலேஜுக்கு வேணும்னு சொல்லியிருக்கேன் சார்" என்று ஜன்னலைப் பார்த்தான்.

இந்தக் கட்டுரை அந்த லிஸ்ட்டுக்கு எதிரானது. அந்தப் பையனுக்கு எதிரானது அல்ல. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதே லிஸ்ட்டை எழுதிக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அவன் வைத்திருந்த ஹெட்ஃபோனைப் பார்த்தேன். காதை மூடுகிற ரகம், இரண்டு வருஷப் பழசு. குஷன் உரிந்து, காதைச் சுற்றிக் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது, திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி. "பேஸே வரமாட்டேங்குது சார், அதான் மாத்தணும்" என்றான். வராது தம்பி. காதை மூடும் ஹெட்ஃபோனில் குஷனுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது கீழ் ஸ்தாயிதான். ஓட்டை டயரில் காற்று நிற்குமா? மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு கூட இதைச் செய்யும். டிரைவர் என்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் செத்துப்போகவில்லை. உறைதான் செத்திருக்கிறது.

அந்த உறையை விளம்பரத்தில் 'புரோட்டீன் லெதர்' என்பார்கள். புரோட்டீன் என்றதும் முட்டை, பருப்பு ஞாபகம் வருகிறதா? பெரும்பாலும் அது துணி மேல் பூசிய பாலியூரித்தேன், அதாவது ப்ளாஸ்டிக். ஈரமும் வியர்வையும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் இணைப்புகள் மெல்ல அறுந்து, செதில் செதிலாக உதிரும். வேலூர் வெயிலில் அதற்கு ஆயுசு இன்னும் கம்மி. ஆட்டுத்தோலை உலகத்துக்கே ஷூவாகவும் கைப்பையாகவும் அனுப்புகிற ஊரில் பிறந்த பிள்ளை, ப்ளாஸ்டிக் தோல் உரிந்ததற்காக 42,000 கடன் வாங்கப் போகிறான்!

தோல் என்றால் பரிசுத்தம் என்று சொல்ல வரவில்லை. பாலாறு என்ன ஆயிற்று என்று வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் கேட்டால் சொல்வார்கள். 1996-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில்தான் 'கெடுத்தவன் காசு கொடுக்க வேண்டும்' என்பதை உச்ச நீதிமன்றம் இந்த நாட்டின் சட்டமாகவே ஏற்றது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே பாலாற்றுக்காக இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆகவே இருக்கிற பொருளை ரிப்பேர் செய்து கூடுதலாக ரெண்டு வருஷம் உபயோகிப்பது, தோலானாலும் ப்ளாஸ்டிக்கானாலும், பர்ஸுக்கு மட்டுமல்ல, ஆற்றுக்கும் நல்லது.

இனி லிஸ்ட்டுக்கு வருவோம்.

டாக். பத்திருபது வருஷம் முன்பு கம்ப்யூட்டரின் உள்ளேயே இருந்த சவுண்ட் கார்டில் கரகரப்பு அதிகம், தனிப் பெட்டிக்கு அர்த்தம் இருந்தது. இன்றைக்கு யு.எஸ்.பி.யில் சொருகுகிற, சுண்டுவிரல் அளவு அடாப்டரே பெரும்பாலான காதுகளுக்குப் போதுமான சுத்தத்தோடு வேலை செய்கிறது. உங்கள் லேப்டாப்பில் 'ஊ...' என்று இரைச்சல் கேட்கிறதா? முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜரோ, எர்த் இல்லாத ஹாஸ்டல் ப்ளக் பாயின்ட்டோதான். அதற்கு வைத்தியம் செலவில்லாதது: பாட்டுக் கேட்கும்போது பேட்டரியில் ஓட்டுங்கள்.

ஆம்ப்ளிஃபயர். சில ஹெட்ஃபோன்களுக்கு அது நிஜமாகவே தேவை. 250, 300 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்டூடியோ ரகங்களை லேப்டாப்பில் நேராகச் சொருகினால் பல சமயம் முனகும். அவனுடையது 32 ஓம். வால்யூமை பாதிக்கு மேல் ஏற்றினால் தாங்காது. அப்புறம் எதற்கு ஆம்ப்? "சவுண்ட்ல ஒரு அத்தாரிட்டி வரும்னு சொல்றாங்க சார்." அத்தாரிட்டி வேண்டுமென்றால் கலெக்டர் ஆகலாம்.

கேபிள். இதைப் பற்றி எழுத ஒரு வரி போதும். அறுபடாமல், ஜாக் ஆடாமல் இருந்தால் நல்ல கேபிள்.

'ஹை-ரெஸ்' தங்க ஸ்டிக்கர். சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள், 16 பிட். அதனால் 22,050 ஹெர்ட்ஸ் வரை பதிய முடியும். நம் காது நன்றாக இருந்தாலே 20,000-தான் உச்சவரம்பு, வயது ஏற ஏற அதுவும் இறங்கும். 2007-ல் மேயர், மோரன் என்று இரண்டு அமெரிக்கர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உயர்ரக இசைத்தட்டை நேராக ஒரு முறை, சி.டி. தரத்துக்குக் குறைத்து ஒரு முறை, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். நியாயமாக எதிர்க்கட்சியையும் சொல்ல வேண்டும்: 2016-ல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் 18 சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார். நூற்றுக்கு 52 சொச்சம் சரி, பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் என்றார். இருக்கட்டும். அந்த ரெண்டு சொச்சத்துக்காக ஒரு தாய் பன்னிரண்டு மாதம் தவணை கட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

சரி, ஹெட்ஃபோனாவது விலை கூடினால் தரம் கூடுமல்லவா? நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2017-ல் யெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்தார். எந்த ஸ்தாயியில் எவ்வளவு ஒலி வருகிறது என்பதற்கும் கடை விலைக்கும் சம்பந்தமே கண்டுபிடிக்க முடியவில்லை. விலை ஏறினால் உறுதி கூடலாம், உட்காரும் சுகம் கூடலாம், டப்பாவுக்குள் வெல்வெட் வரலாம். ஒலி மட்டும் விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை.

"அப்போ கடையில மாத்தி மாத்திக் கேட்டப்போ காஸ்ட்லி செட் நல்லா இருந்துச்சே சார்?" இருந்திருக்கும். இரண்டில் எது துளி சத்தமாக ஒலிக்கிறதோ, அதுதான் நம் மூளைக்கு நல்ல சங்கீதம். விற்கிறவர் வேண்டுமென்றே செய்யத் தேவையில்லை, கூடுதல் பவர் உள்ள பெட்டி தானாகவே சத்தமாக ஒலிக்கும். நாம்தான் அதைத் 'தெளிவு', 'ஆழம்', 'மேடை' என்று வர்ணித்துவிட்டு கார்டைத் தேய்க்கிறோம்.

ஆகவே அவனுக்கு ஒரு பரீட்சை வைத்தேன். ஹாஸ்டலில் பக்கத்து ரூம் பணக்காரப் பையனிடம் லிஸ்ட்டில் இருக்கிற அதே மாதிரி டாக்கும் ஆம்ப்பும் இருக்கிறதாம். "சத்தத்தை ரெண்டிலும் ஒரே அளவு வெச்சுக்கோ. கண்ணை மூடிக்கோ. ஃப்ரெண்டு காசு சுண்டி, விழுகிறபடி உன் லேப்டாப்பிலோ அவன் பெட்டியிலோ சொருகட்டும். பத்து தடவை. ஒன்பது சரியாச் சொல்லு, நானே உங்க அம்மாகிட்ட சிபாரிசு பண்றேன்." குருட்டாம்போக்கில் பத்துக்கு ஒன்பது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான், கணக்குத் தெரிந்தவர்கள் சரிபார்க்கலாம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "ஆறு சார்." கொஞ்ச நேரம் மௌனம். "அதுல ரெண்டு சும்மா அடிச்சு விட்டது."

சும்மா குறை சொல்லிவிட்டுப் போனால் நான் எழுதியதற்கு அர்த்தமில்லை. ஸ்டூடன்ட் பட்ஜெட்டில் என்னதான் செய்வது? வரிசையாகச் சொல்கிறேன், வரிசை முக்கியம். ஒன்று, குஷனை மாற்றுங்கள். அதே அளவு, அதே தடிமன், இல்லையென்றால் ஒலி மாறும். சில நூறு ரூபாய். இரண்டு, ஈக்வலைஸர். விண்டோஸில் 'ஈக்வலைஸர் ஏ.பி.ஓ.' இலவசம். ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களை அளந்து, எங்கே ஏற்றி எங்கே இறக்க வேண்டும் என்ற திருத்தப் பட்டியல்களை 'ஆட்டோ-ஈக்யூ' என்ற பெயரில் இலவசமாகத் தருகிறார்கள். போட்டுப் பாருங்கள், புது ஹெட்ஃபோன் வாங்கிய மாதிரி இருக்கும். மூன்று, பாட்டு ஃபைலைப் பாருங்கள். யாரோ எப்போதோ 64 கே.பி.பி.எஸ்.ஸில் நசுக்கிய எம்.பி.3-யை எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. நான்கு, இத்தனைக்கும் பிறகு குறை இருந்தால் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று, சேர்த்துவைத்த காசில். டாக்கும் ஆம்ப்பும் கடைசி. பெரும்பாலும் அந்தக் கடைசி வரவே வராது.

இத்தனைக்கும் மேல் ஒன்று இருக்கிறது. காது. அதற்கு மட்டும் அப்கிரேடு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். உட்காதில் இருக்கும் நுண்ணிய முடிச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஹாஸ்டல் ஃபேன் இரைச்சலை அமுக்க வால்யூமை ஏற்றுகிற பிள்ளைகளே, குஷன் நன்றாக மூடினால் வெளி இரைச்சல் குறையும், வால்யூமும் தானாக இறங்கும். அந்தச் சில நூறு ரூபாயின் உண்மையான லாபம் இதுதான்.

கிளம்பும்போது பையன் தயங்கிச் சொன்ன ஒரு விஷயத்தை முதலில் நான் கவனிக்கவில்லை. "புது குஷன் போட்டதும் அம்மாவுக்கு மாட்டிவிட்டு ராஜா பாட்டு போட்டுக் காட்டணும் சார். ஆனா அவங்களுக்கு ரொம்ப சத்தமா வைக்கணும். டிவி கூட அப்படித்தான் வைப்பாங்க."

இருபது வருஷம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்த காது.

"லிஸ்ட்டைக் குடு" என்றேன். பின்பக்கம் எழுதிக்கொடுத்தேன்: அம்மாவுக்குக் காது பரிசோதனை. வேலூரில் படிக்கிறவன் அதற்கு ஆஸ்பத்திரி தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். தவணை எதற்கு என்கிற நிஜத்தையும் பஸ்ஸில் போகும்போதே சொல்லிவிடச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.