கணினியை மாற்றும் முன் தமிழைக் காப்போம்



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம் என் மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்திருந்தார். வீட்டிலுள்ள பழைய மேசைக் கணினியில், விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்னும் அறிவிப்பு தோன்றிக்கொண்டே இருக்கிறதாம். கடைக்குக் கொண்டு சென்றால், "இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம்.

"சார், இதைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா? என் மாமனார் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் எழுதியதெல்லாம் இதில்தான் இருக்கிறது. இப்போது அவரும் இல்லை" என்றார்.

அவர் என்னிடம் கேட்டது கணினியைப் பற்றி. ஆனால் அவர் அஞ்சியது அதற்குள் இருந்த தமிழ் எழுத்துகளுக்காக. இதே நிலையில் பல ஆசிரியர்களும் குடும்பங்களும் இருப்பர் என்பதால் என் கருத்தை இங்கே பதிகிறேன். பழைய கணினியின் இயங்குதளத்தை மாற்றுவது தவறன்று. ஆனால் அதனுள் பழைய எழுத்துருக்களில் கிடக்கும் தமிழை ஒருங்குறிக்கு மாற்றாமல் இயங்குதளத்தில் கை வைப்பது பெருந்தவறு.

முதலில், நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. அதனால் கணினி நின்றுவிடாது, கோப்புகளும் அழியா. ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் இனி அடைக்கப்படா. இணையத்தில் இணைந்திருக்கும் கணினிக்கு இது நாளடைவில் பெருகும் ஆபத்து. ஆகவே ஒன்றும் செய்யாமல் இருப்பதும் சரியன்று, பதறுவதும் சரியன்று.

பதறியதால் நான் இழந்த கதை ஒன்று உண்டு. 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிந்தது. அப்போது என் கணினியை முழுதும் துடைத்துவிட்டுப் புதிய இயங்குதளத்தை நிறுவினேன். கோப்புகளையெல்லாம் விரலியில் படியெடுத்து வைத்திருந்ததால் கவலை இல்லை என்றிருந்தேன். பிறகு திறந்து பார்த்தால், மாணவர் நாடகம், பேச்சுப் போட்டி உரைகள், கட்டுரைத் தொகுப்பு யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் நின்றன. எழுத்துருவைப் படியெடுக்க மறந்திருந்தேன். அது எந்த எழுத்துரு என்பதும் நினைவில்லை. சிலவற்றைப் பின்னர் மீட்டேன். பலவற்றை மீட்க இயலவில்லை. பிழை முழுவதும் என்னுடையதே.

இதன் காரணத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் பயன்படுத்திய பல எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால், கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளைத்தான். திரையில் நாம் காணும் 'அம்மா' அந்த எழுத்துரு போட்ட வேடம். எழுத்துரு போனால் வேடம் கலையும். ஒருங்குறியிலோ தமிழுக்கென்று தனி இடங்கள் உள்ளன. அங்கே அகரம் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் அகரமாகவே இருக்கும்.

எனவே கடைக்குச் செல்லும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை சில உள்ளன.

ஒன்று, எல்லாக் கோப்புகளையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுங்கள். விரலி ஒன்று மட்டும் போதாது.

இரண்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையிலுள்ள பழைய தமிழ் எழுத்துருக்களையும் மறவாமல் எடுத்து வையுங்கள். பழைய எழுத்துருக்கள் பெரும்பாலும் புதிய விண்டோஸிலும் வேலை செய்யும். பழைய தட்டச்சு மென்பொருள்களுக்கோ பாடக் குறுவட்டுகளுக்கோ அந்த உறுதி இல்லை. 16-பிட் காலத்து மென்பொருள்கள் விண்டோஸ் 11-இல் நேரடியாக இயங்கவே மாட்டா.

மூன்று, என்எச்எம் மாற்றி போன்ற எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு உரைகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இங்கே நம் நாட்டு ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் தேர்வுத்தாள்களில் தலைப்பும் பெயர், வகுப்பு என்னும் குறிப்புகளும் மலாயில் இருக்கும். தாள் முழுவதையும் மாற்றியில் இட்டால், அந்த மலாய்ச் சொற்களையும் தமிழ் என்று கருதி அது குதறிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் பிரித்து மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

நான்கு, மாற்ற நேரமில்லாதவற்றை எழுத்துரு இருக்கும்போதே பிடிஎஃப் கோப்பாகவும் சேமியுங்கள். அதில் சொல்லைத் தேட முடியாமல் போகலாம். கண்ணால் படிக்கவாவது முடியும்.

இவற்றை முடித்த பின் கணினிக்கு வருவோம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட செயலிகளும் தேவை. இன்டெல் செயலியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கப்படும். ஐ5-7400 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. ஐ5-8400 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. இலக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தகுதியுள்ள கணினியில் டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. ஆகவே "ஏறாது" என்று யாரேனும் சொன்னால், ஏன் ஏறாது என்று கேளுங்கள்.

தகுதி இல்லையெனில் வேறு இரண்டு வழிகள் உள்ளன. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கல்வி நிலையங்கள் மூன்று ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தி நீட்டிக்கலாம். மற்றொரு வழி, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவது. நான்கு ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியிலும் அது ஓடும். தமிழ்99 விசைப்பலகையை அதில் சேர்த்துக்கொள்ளலாம். கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவி வழியே திறப்பதால், பிள்ளைகளின் பாடத்திற்குத் தடையில்லை. பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் வேகமும் கூடும். கட்டுப்பாடுகளை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்கு வழிகளை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வாறு ஏற்றிய கணினிக்கு இற்றைப்படுத்தல்கள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

"யூபிஎஸ்ஆர் தேர்வே 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது, பழைய தாள்கள் எதற்கு?" என்று ஓர் ஆசிரிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாதிரித் தேர்வுத்தாள்களில் பல போகட்டும். ஆனால் அவற்றோடு சேர்ந்து கிடப்பவை வேறு. தோட்டப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா மலர், இடமாற்றம் கண்ட பள்ளியின் வரலாற்றுக் குறிப்பு, பத்து வயதுச் சிறுமி தன் தோட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரை ஆகியவை எந்த நூலகத்திலும் இல்லை. அவற்றைத் தட்டச்சு செய்தவர் பள்ளி முடிந்த பின் தம் சொந்த நேரத்தில் செய்தார். அவை மேசைக்கடியில் இருக்கும் ஒரு பழைய பெட்டிக்குள் மட்டுமே உள்ளன. எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் படித்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். படிக்க முடியாமற் போனதால் இழந்தோம் என்னும் நிலை வரலாகாது.

அந்தத் தாயாரின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை சென்றேன். கோப்புகளைப் படியெடுத்தோம், எழுத்துருவும் இருந்தது. முதலில் மாற்றிய கோப்பு, அவர் மாமனார் தம் பணி ஓய்வு விழாவிற்காக எழுதிய உரை. பேத்தி அதைத் திரையில் பார்த்து வாய்விட்டுப் படித்தாள். அதன் பிறகே அந்தக் கணினியில் லினக்ஸ் நிறுவினோம். புதிய கணினி வாங்க வைத்திருந்த பணம் அவர்களிடமே இருக்கிறது.

உங்கள் பள்ளியிலும் வீட்டிலும் இத்தகைய கணினி இருந்தால், இந்த வாரமே ஒரு முறை திறந்து பாருங்கள். பள்ளிகளில் கணினிகளைக் கழித்துக் கட்டும் முன் மூத்த ஆசிரியர்களை ஒரு சொல் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே.