ஆற்றுக்கோர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் கூத்தர், வறுமையோடு எதிர்வரும் கூத்தரைக் கண்டு, தாம் பெற்ற வளத்தைக் கூறி, வள்ளலின் ஊருக்கு வழியும் கூறி விடுப்பது ஆற்றுப்படை. கொடுப்போனைப் புகழ்வது மட்டுமன்று அதன் நோக்கம். கேட்கச் செல்வோன் எவ்வழி செல்ல வேண்டும், வழியில் எது இடர், எது துணை என்று அறிவுறுத்துவதே அதன் உயிர். 583 அடிகளையுடைய மலைபடுகடாம் அத்தகைய நூல். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் வழியைக் கூறும் அந்நூல் பாடும் ஆறு சேயாறு. இன்று செய்யாறு என வழங்கும் அந்த ஆற்றில்தான், சவ்வாது மலையின் அமிர்திக் காட்டில் ஊறும் நீரும் சென்று கலக்கின்றது.

அன்று கலைஞனுக்குத் தேவைப்பட்டது நல்கை. இன்று ஆற்றுக்கே தேவைப்படுகின்றது நல்கை! கெட்டுப்போன ஆற்றை மீட்கப் பணம் வேண்டுமென நகராட்சி மாநில அரசைக் கேட்கின்றது. மாநில அரசு நடுவணரசைக் கேட்கின்றது. கேட்பது இழிவன்று. அப்பணம் எவர் வீட்டுக் கொடையுமன்று. மக்கள் இறுத்த வரி. ஆயின் கேட்போர் யார், எம்மொழியில் கேட்கின்றனர், எதைக் கேட்கின்றனர் என்பவற்றைப் பொறுத்தே ஆறு பிழைப்பதும் மடிவதும் அமையும்.

அமிர்தி, வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், அருவியும் சிறு உயிரியற் பூங்காவும் உடைய மலையடிக் காடு. அங்குத் தோன்றும் ஓடை நாகநதியாய்க் கண்ணமங்கலம் வழியே இறங்கி, கமண்டல ஆற்றோடு கூடி, ஆரணியைக் கடந்து, செய்யாற்றில் விழுந்து, திருமுக்கூடலில் பாலாற்றை அடைகின்றது. மலைநீர் அங்கே எதிர்கொள்ளும் பாலாறு எத்தகையது? வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடு கழிவைத் தன் மணலில் ஏற்று நலிந்த பாலாறு!

அந்நலிவு நேற்றுத் தோன்றியதன்று. 1996 ஆகசுட்டு 28 அன்று உச்ச நயன்மன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புரைத்தது. தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டர் வேளாண் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்பதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவனே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியையும் நிலைநாட்டியது. 2006-இல் அமெரிக்க நாட்டுப் பிளாக்சுமித்து நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிகக் கேடுற்ற பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது. 2025 சனவரி 30 அன்று அதே உச்ச நயன்மன்றம், கேடுற்ற குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கி அதனை மாசுபடுத்தியோரிடமிருந்து தண்டிக்கொள்ள வேண்டுமென மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகள்! ஒரு தலைமுறை உழவர் உவர்நீரைக் குடித்தே முதுமையெய்தினர்.

இனி, பணம் கேட்கும் வழியைக் காண்போம். ஆறுகளுக்கென நடுவணரசு 1995-இல் வகுத்த நாட்டு ஆறுகள் காப்புத் திட்டத்தின்கீழ், செலவில் நூற்றுக்கு 60 பங்கை நடுவணரசும் 40 பங்கை மாநில அரசும் ஏற்பது வழக்கம். அதனைப் பெற 'விரிவான திட்ட அறிக்கை' ஒன்று எழுதப்படல் வேண்டும். அதற்கான நெறிமுறையை நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010 திசம்பரில் வெளியிட்டது. அந்நெறிமுறை ஆங்கிலத்தில், அறிக்கையும் ஆங்கிலத்தில். எழுதுவோர் கூலிக்கு அமர்த்தப்பெற்ற அறிவுரை நிறுவனத்தார். படிப்போர் தில்லி அலுவலர். ஆற்றங்கரையில் வாழ்வோன், தன் ஆற்றைப்பற்றி என்ன எழுதப்பட்டதென்றே அறியான்!

இதனால் விளையும் கேடு மொழியளவில் நிற்பதில்லை. ஆறு கெட்டதா என்று அளக்க நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொள்ளும் அளவுகோல், நீரிலுள்ள அழுகற்பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உட்கொள்ளும் உயிர்வளியின் அளவு. அது ஓர் இலிட்டர் நீருக்கு 3 மில்லிகிராமை விஞ்சினால் அப்பகுதி மாசுற்றதாம். 2022-இல் இவ்வாறு குறிக்கப்பட்ட 311 ஆற்றுப் பகுதிகளுள் தமிழகத்துக்குரியவை 10. அவற்றுள் பாலாறும் ஒன்று. சாக்கடை நீரை அளக்க இக்கோல் பொருந்தும். ஆனால் தோல் கழிவின் உப்பையும் குருமியத்தையும் இது காட்டுமா? காட்டாது! பொதுவாக அமைக்கப்படும் கழிவுநீர்த் தூய்விப்பு நிலையம் கரைந்த உப்பை நீக்குமா? நீக்காது! கேட்கப்படும் பணமோ பெரும்பாலும் ஊர்ச் சாக்கடையை மடக்கித் தூய்விக்கும் நிலையங்களுக்கே. தொழிற்கழிவு வேறோர் அலுவலகத்தின் வேலையெனத் தள்ளிவைக்கப்படும். தன் கிணற்று நீரை நாவிலிட்டு உவர் எனத் துப்பும் உழவனைக் கேட்டிருந்தால், அறிக்கையின் முதல் வரியே உப்பைப்பற்றி இருந்திருக்கும்.

சென்னைக் கூவம் மற்றொரு சான்று. அதன் மீட்புக்கென 604 கோடி உருபாவுக்கு மேற்பட்ட திட்டம் ஒப்பளிக்கப்பட்டது. கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. 2022 பட்டியலிலும் கூவம் நீங்கவில்லை. ஏழை பெயர்ந்தான், சாக்கடை பெயரவில்லை!

இனி அமிர்திப் பக்கம் திரும்புவோம். மழை பெய்தும் மணல் காய்ந்து கிடந்தது நாகநதி. அதனை மீட்க வேலூர், திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்ப் பெண்கள் ஏறத்தாழ இருபதாயிரவர் மண்வெட்டி ஏந்தினர். வாழும் கலை அமைப்பு வழிகாட்டியது. கூலி, 2005-ஆம் ஆண்டு ஊரக வேலையுறுதிச் சட்டப் பணத்திலிருந்து கிடைத்தது. சரிவில் கற்களை அடுக்கி ஓடும் நீரின் விரைவைத் தணித்தனர். நீர்ச்செறிவுக் கிணறுகள் தோண்டி அந்நீரை நிலத்துள் இறக்கினர். நிலத்தடி நீர் உயர உயர, ஆற்றில் நீர் மீண்டது. 2021 செப்டம்பர் 26 அன்று தலைமையமைச்சர் தம் வானொலி உரையில் இப்பெண்களைப் பாராட்டினார்.

இதுவும் அரசுப் பணமே. வேறுபாடு எங்கே? அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம், எவ்வேலை வேண்டுமென்பதை ஊரவை பரிந்துரைக்கவும், செலவை ஊரவையே தணிக்கை செய்யவும் இடமளித்தது. ஊரவையில் பேசப்படும் மொழி தமிழ்! ஓடை எங்கே பிறக்கின்றது, மழைநீர் எங்கே அறுத்தோடுகின்றது, எந்தக் கல் எந்த வெள்ளத்தில் பெயர்ந்தது என்று அறிந்தவர் பேசினால் பணம் செல்லவேண்டிய இடத்துக்குச் செல்லும்.

நாகநதி வறண்ட ஆறு. பாலாறு நஞ்சேறிய ஆறு. முன்னதற்குச் செய்த மருத்துவம் பின்னதற்குப் போதாது. கல்லடுக்கும் கிணறும் குருமியத்தை நீக்கா. ஆயினும் நீரோட்டமற்ற ஆற்றில் இட்ட நஞ்சு இட்ட இடத்திலேயே தங்கும் என்பதால், மலைத்தலையில் நீரைக் காப்பதும் நகர்க்கரையில் நஞ்சைத் தடுப்பதும் ஒரே வேலையின் இரு கைகள்.

"இவையெல்லாம் அறிவியற் செய்திகள், தமிழில் எழுத இயலுமா?" என வினவுவோர் உளர். உயிர்வளி, குருமியம், தூய்விப்பு என்னும் சொற்கள் இக்கட்டுரையிலேயே இடர்ப்பாடின்றி நடக்கின்றன. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளிவந்தபோது, அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்க்க வேண்டுமெனச் சூன் 30 அன்று தில்லி உயர் நயன்மன்றம் ஆணையிட்டது. இயலாமை மொழிக்கில்லை, எழுத விரும்பாதார் உள்ளத்துக்கே உண்டு.

எனவே பாலாற்றுக்கென நல்கை கேட்கும் ஒவ்வோர் அறிக்கையும் முதலில் தமிழில் எழுதப்பட்டு, அமிர்தி முதல் திருமுக்கூடல் வரையிலும், வாணியம்பாடி முதல் கடல் வரையிலும் உள்ள ஊரவைகளில் படிக்கப்படல் வேண்டும். நஞ்சு எந்தக் குழாயிலிருந்து எவ்வளவு வருகின்றதென்று அதில் வெளிப்படையாய்க் குறித்தல் வேண்டும். மாசுபடுத்தியோன் தரவேண்டிய பணம் எவ்வளவு, மக்கள் வரிப்பணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டல் வேண்டும். இன்றேல் 1996-இன் நெறி ஏட்டில் உறங்க, நஞ்சிட்டவன் கடனை நஞ்சுண்டவனே தீர்ப்பான்! கட்டிய நிலையத்தைப் பத்தாண்டுக்குப் பின்னர் யார் எப்பணத்தால் இயக்குவர் என்பதும் அதில் இருத்தல் வேண்டும். ஊரவை ஒப்பிய பின்னரே ஆங்கிலப் பெயர்ப்பு தில்லிக்குச் செல்லட்டும்.

வழியறிந்தவன் வழி கூறுவதே ஆற்றுப்படை. பாலாற்றின் வழியை அறிந்தவர் கரையில் இருக்கின்றனர். எழுதுகோல் வேறெவர் கையிலோ இருக்கின்றது. அதனைக் கேட்டு வாங்குக! ஆறு பேசாது, ஆற்றங்கரையார் பேசுக! தமிழில் பேசுக!