காயலான் கடை லென்சும் நல்லாசிரியரே!

மாணவ நண்பர்களே! ஒரு குவிலென்சின் மேற்பாதியைக் கறுப்புத் தாளால் மூடிவிட்டால், திரையில் விழும் பிம்பம் என்னவாகும்?

கல்லூரியில் இயற்பியல் படிக்க வருவோரிடம் ஆண்டுதோறும் இதைக் கேட்கிறேன். "பாதிப் பிம்பம் மறைந்துவிடும்" என்பார்கள் பலர். லென்சுச் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர்கள்தாம்! ஆனால் விடை தவறு. பிம்பம் முழுமையாகவே இருக்கும். வெளிச்சம் மட்டும் குறையும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் கதிர்கள் லென்சின் எல்லாப் பகுதிகள் வழியாகவும் செல்கின்றன அல்லவா?

குற்றம் மாணவர்களுடையதன்று. கீறல் விழுந்துவிடும் என்று அஞ்சி லென்சுகளை அலமாரியில் பூட்டி வைக்கும் எங்களுடையது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. 4 அங்குலத்துக்கு 5 அங்குலமும் அதற்கு மேலும் அளவுள்ள பிலிம் தாள்களில் படமெடுக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் விலையுயர்ந்த லென்சைத் தேடுவதில்லை. பழுதான நகலெடுக்கும் இயந்திரத்தின் லென்சு, உருப்பெருக்கிக் கண்ணாடி என்று கிடைத்ததைப் பெட்டியில் பொருத்திப் பார்க்கிறார்கள். நீங்களும் அவ்வாறு செய்யலாம். பிலிம் வாங்கினால் கையைக் கடிக்கும். டிரேசிங் தாளாலான திரையே போதும்.

பழைய மூக்குக்கண்ணாடியின் +5 பவர் லென்சு ஒன்றின் குவியத் தூரம் 20 செ.மீ. ஒன்றினுள் ஒன்று நகரும் இரு அட்டைப் பெட்டிகளில், ஒன்றின் முகப்பில் லென்சையும் மற்றதில் திரையையும் பொருத்துங்கள். வெயில் படும் தெருவை நோக்கித் திருப்புங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள்!

தெரு தலைகீழாகத் தெரியும். நடுவில் தெளிவு, ஓரங்களில் மங்கல். வெண்சுவரின் விளிம்பில் மெல்லிய வண்ணக் கரை. நீல ஒளி சிவப்பு ஒளியைவிடச் சுமார் 3 மி.மீ. முன்னதாகவே குவிவதால் வரும் கரை அது. இதுவே நிறப்பிறழ்ச்சி.

4 செ.மீ. விட்டமுள்ள லென்சின் முன் 1 செ.மீ. துளையிட்ட கறுப்பு அட்டையை வையுங்கள். பிம்பம் கூர்மையாகும், ஆனால் ஒளி பதினாறில் ஒரு பங்காகும். இனி லென்சின் குழிந்த பக்கம் தெருவைப் பார்க்கும்படி திருப்பி, அட்டையைச் சற்று முன்னே தள்ளுங்கள். ஓரங்களும் தெளிவடையும். இந்த அமைப்பை 1812-இல் கண்டறிந்து சொன்னவர் இங்கிலாந்தின் வொல்லாஸ்டன்.

"கைப்பேசி இதைவிட நல்ல படம் எடுக்குமே!" என்பீர்கள். உண்மைதான். பல லென்சுகளும் கணிப்பொறி நிரலும் சேர்ந்து அதில் பிழைகளைத் திருத்திவிடுகின்றன. ஆனால் குறையைக் கண்ணால் கண்டவருக்கே அதை நீக்கியவரின் அறிவு விளங்கும். திருத்தப்பட்ட படத்தில் கற்க முடியாததைக் குறையுள்ள லென்சு கற்பிக்கிறது. அதனால்தான், கீறல் விழுந்த லென்சையும் குப்பையில் எறியாதீர்கள் என்கிறேன்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அலமாரியைத் திறந்துவிடுங்கள். ஒரு லென்சு கீறினால் நட்டம் சில ரூபாய்தான்.

பெட்டி தயாரானதும், நண்பர்களே, லென்சின் பாதியை விரலால் மூடிப் பாருங்கள். என் சொல்லை நம்ப வேண்டா, திரையை நம்புங்கள்.