படம் பார்த்தவன் மூன்று நாள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டுமா?

சினிமாப் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் அதைப்பற்றி நல்லது கெட்டது பேசக்கூடாது என்றும், பேசுவதானாலும் படம் வெளியாகி மூன்று நாள் கழிந்த பிறகுதான் பேச வேண்டும் என்றும் சினிமாத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரையில் போய்க் கேட்ட சங்கதி வாசகர்களில் அநேகருக்கு ஞாபகமிருக்கலாம். 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் “கங்குவா” என்கின்ற படம் வெளியாகி, முதல் காட்சி முடிந்த கொஞ்ச நேரத்திற்குள்ளாகவே ஜனங்கள் அதைக் குறைசொல்ல ஆரம்பித்தவுடன் தயாரிப்பாளர்களுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. தியேட்டர் வளாகத்திற்குள் யூடியூப்காரர்களை விட்டு, படம் பார்த்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்க இடம் கொடுக்கக்கூடாது என்று தியேட்டர் முதலாளிகளைக் கேட்டுக்கொண்டு அறிக்கை விட்டார்கள். அது போதாதென்று வழக்கும் போட்டார்கள். டிசம்பர் மாதத்தில் நீதிமன்றமானது, அபிப்பிராயம் சொல்லுவது பேச்சுரிமையைச் சேர்ந்தது, அதற்கு இடைக்காலத் தடை போட முடியாது என்று சொல்லிவிட்டது.

நீதிமன்றம் சொன்னது சரியேயாகும். ஆனாலும், மூன்று நாள் என்று இவர்கள் கணக்குப் போட்டதன் இரகசியத்தை யோசித்துப் பார்க்க வேண்டாமா? ஏன் மூன்று மாதம் கேட்கவில்லை? ஏன் மூன்று மணி நேரம் கேட்கவில்லை? இக்காலத்தில் ஒரு பெரிய நடிகரின் படமென்றால் அதை ஒரே நாளில் ஊர்தோறும் நூற்றுக்கணக்கான திரைகளில் போட்டு, வரவேண்டிய பணத்தில் பெரும்பங்கை அந்த வாரக் கடைசிக்குள்ளாகவே சுருட்டிக்கொள்ளுவது என்பதுதான் வியாபார முறையாக இருந்து வருகின்றது. ஆகவே மூன்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது என்றால், பணம் வசூலாகி முடிகிற வரையில் யாரும் பேசக்கூடாது என்பதுதானே அதன் அர்த்தம்? சந்தையிலே கத்தரிக்காய் விற்கிறவன், “வாங்கினவர்கள் எல்லாம் மூட்டை காலியாகிற வரையில் சொத்தை என்று சொல்லக்கூடாது” என்று சொன்னால் ஊரார் அவனைச் சும்மா விடுவார்களா என்று கேட்கின்றோம். அவனாவது காயைத் தொட்டுப் பார்த்து, புரட்டிப் பார்த்து வாங்க விடுகிறான். சினிமாக்காரனோ காசை முன்னால் வாங்கிக்கொண்டு பிறகுதான் சரக்கைக் காட்டுகிறான்! கெட்டுப்போன சரக்கு என்று தெரிந்தாலும் திருப்பிக் கொடுக்க வழி இல்லை.

மலையாள நாட்டிலும் இந்தக் கூத்து நடந்தது. 2023-ல் ஒரு படத்தின் டைரக்டர் கேரள உயர்நீதிமன்றத்திற்குப் போனார். அதே வருஷம் அக்டோபரில், ஒரு படத்தைக் கெடுத்துப் பேசினார்கள் என்பதற்காகக் கொச்சிப் போலீசார் வழக்கே பதிவு செய்தார்கள். மறு வருஷம், நீதிமன்றத்திற்கு உதவியாக நியமிக்கப்பட்டவர் கொடுத்த அறிக்கையில் 48 மணி நேரம் பொறுத்துப் பேசலாமே என்று யோசனை சொல்லப்பட்டது. இங்கே 3 நாள், அங்கே 2 நாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிக் கேட்கிறவர்கள் தாங்களாவது வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களா? படம் வருவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே “இந்த மாதிரிப் படம் இதுவரை வந்ததே இல்லை” என்கிறார்கள். பாட்டு வெளியீடு என்று ஒரு விழா நடத்தி, ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொள்ளுகிறார்கள். வெள்ளிக்கிழமை வந்த படத்திற்குச் சனிக்கிழமையே “மாபெரும் வெற்றி” என்று சுவரெல்லாம் ஒட்டிவிடுகிறார்கள். இதெல்லாம் அபிப்பிராயம் இல்லையா? விற்கிறவனுடைய அபிப்பிராயத்திற்கு லட்சக்கணக்கில் செலவு செய்து விளம்பரம், வாங்குகிறவனுடைய அபிப்பிராயத்திற்கு மாத்திரம் வாய்ப்பூட்டு என்றால், இது எந்த ஊர் நியாயம்? ஒரு கூலிக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு டவுன் தியேட்டருக்குப் போய் வந்தால் டிக்கெட்டும் பஸ்ஸும் தின்பண்டமுமாக அவனுடைய ஒரு நாள் கூலி போதாமல் போய்விடுகின்றது. அவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் “போகாதே” என்று சொல்லுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

நிற்க. தயாரிப்பாளர்களைக் கண்டிப்பதனால், இன்று அபிப்பிராயம் சொல்லுகிறவர்களெல்லாம் ரொம்ப யோக்கியமாகச் சொல்லுகிறார்கள் என்று நாம் சர்டிபிகேட் கொடுக்க வந்ததாக யாரும் நினைத்துவிடக்கூடாது. பேசுகிற உரிமை வேறு, பேசுகிற பேச்சின் யோக்கியதை வேறு.

கட்டவுட்டுக்குப் பால் ஊற்றிக் கற்பூரம் காட்டிவிட்டு உள்ளே போகிறவனுக்கு, படம் எப்படி என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது? அவன் அபிப்பிராயத்தை வாசலிலேயே முடிவு செய்துகொண்டல்லவா உள்ளே போகிறான்! திருச்சியில் ஒரு நடிகைக்குக் கோயிலே கட்டினவர்கள் நம்மவர்கள். 2023 ஜனவரியில் “துணிவு” படம் வெளியான அன்று, சென்னையில் ஒரு தியேட்டர் முன்னால் லாரியின் மேலேறி ஆடிய ஒரு வாலிபன் கீழே விழுந்து செத்தான்.  அதே வருஷம் அக்டோபரில் “லியோ” படத்திற்கு இங்கே காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி, கேரளத்திலோ விடியற்காலம் 4 மணிக்கே காட்சி என்றவுடன், நம் வாலிபர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். நம் ஊரில் தியேட்டர் கதவு திறப்பதற்குள் தீர்ப்பு வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தீர்ப்பில் பாதி, நடிகரைக் கும்பிடுகிறவன் எழுதியது. மற்றப் பாதி, எதிர் நடிகரைக் கும்பிடுகிறவன் எழுதியது. ஒருவன் பத்துக்குப் பத்து என்கிறான், மற்றவன் பத்துக்கு ஒன்று என்கிறான். இரண்டு பேரையும் கூட்டி வகுத்தால் வருவது கணக்கேயொழிய அபிப்பிராயம் ஆகாது.

நம்முடைய பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். 2021 நவம்பரில் “ஜெய் பீம்” என்ற படம் வந்தது. இருளர் மக்கள் போலீஸ் ஸ்டேஷனில் படுகின்ற கொடுமையைத் தைரியமாக எடுத்துக்காட்டிய படம். ஐ.எம்.டி.பி. என்கின்ற உலகப் படங்களுக்கெல்லாம் ஜனங்கள் மார்க் போடும் இடத்தில் அது 9.6 வாங்கி, வெகு காலமாய் மேலே இருந்த “ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்” என்ற அமெரிக்கப் படத்தையே தாண்டிவிட்டது என்றவுடன் நம்மவர்கள் துள்ளிக் குதித்தார்கள். நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த இடத்தில் மார்க் போடுகிறவனை “நீ படம் பார்த்தாயா?” என்று கேட்பாரில்லை. ஜாதியைக் கண்டிக்கும் படமென்பதற்காக அதைப் பாராமலே 10 போட்டவனுக்கும், தன் ஜாதியைச் சொல்லிவிட்டார்கள் என்ற கோபத்தில் பாராமலே 1 போட்டவனுக்கும் புத்தியின் அளவில் என்ன வித்தியாசம் சொல்ல முடியும்? படத்தைப் பார்த்து, எங்கே உண்மை சொன்னான், எங்கே ஒரே வக்கீலைக் கதாநாயகனாக்கி மற்றவர்கள் பட்ட பாட்டைச் சுருக்கிவிட்டான் என்று பேசினவர்கள் சிலரே. அந்தச் சிலருடைய பேச்சால் நமக்கு ஆன உபயோகம் அந்த 9.6-ஆல் ஆகவில்லை.

முன்னொரு காலத்தில் “ஆனந்த விகடன்” பத்திரிகை படங்களுக்கு மார்க் போட்டு வந்தது. 1977-ல் “16 வயதினிலே” படத்திற்கு 62.5 மார்க் கொடுத்தது இன்னும் பேசப்படுகிறது. அந்த மார்க் சரியா தப்பா என்பதைப்பற்றி நமக்கு அக்கறையில்லை. அரை மார்க்கை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பதும் நமக்கு விளங்கவில்லை. ஆனால் மார்க்கோடு கூட, இன்னின்ன காரணம் என்று எழுத்தும் இருந்தது. காரணம் இருந்தால் அதோடு சண்டை போடலாம். வெறும் நட்சத்திரத்தோடு யார் சண்டை போட முடியும்? பஞ்சாங்கக்காரன் நட்சத்திரத்தைப் பார்த்துக் கல்யாணம் செய்யாதே என்று சொல்லி வந்த நாம், ஐந்து நட்சத்திரமா மூன்று நட்சத்திரமா என்று எண்ணிப் பார்த்து டிக்கெட் வாங்கும் நிலைமைக்கு வந்திருக்கின்றோம்.

சென்ற மாதத்தில் நாம் ஒரு சிறு டவுனில் தியேட்டர் வாசலில் நின்றிருந்தோம். மத்தியானக் காட்சி விட்டது. மைக்கும் செல்போனும் வைத்துக்கொண்டு ஒரு பையன் வருகிறவர்களையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தான். “தெறி”, “வேற லெவல்”, “முதல் பாதி ஓகே, ரெண்டாம் பாதி இழுவை” என்று ஆளுக்கு ஒரு வாய்ப்பாடாக ஒப்புவித்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வயதான ஒரு அம்மாள், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மைக்கை நீட்டினான். “ஏங்கண்ணு, அந்தப் புள்ள வேண்டாம் வேண்டாங்குது. அவன் பின்னாலயே தொரத்தறான், கன்னத்துல அறையறான். கடைசீல அவளே அவனைக் கட்டிக்கிறா. இதைப் பாத்துப்போட்டு நாளைக்கி எம் பேத்திய ஒருத்தன் தொரத்துனா, அவன் செய்யறது தப்புன்னு அவளுக்குத் தெரியுமா?” என்று அந்த அம்மாள் கேட்டார்கள். பையன் ஒரு நிமிஷம் திகைத்துப் போய், “பாட்டி, பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?” என்றான். “மார்க்கெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு, நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லு” என்றார்கள். அவன் மைக்கை எடுத்துக்கொண்டு, பின்னால் விசிலடித்துக்கொண்டு வந்த நாலு பேரிடம் போய்விட்டான்.

அன்று இரவு அந்தப் பையன் போட்ட வீடியோவை ஒரு தோழர் நமக்குக் காட்டினார். விசிலடித்த நாலு பேரும் இருந்தார்கள். அந்த அம்மாள் இல்லை.